மார்த்தாவின் இல்லம்: ஒரு சிறுகதையும் அதன் உரைமரபும்

முன்னுரை

மூலம் சிறிதாயினும் அதன்மேல் எழும் உரை பெரிதாதல் உண்டு என்பதைத் தமிழ் கற்றார் நன்கு அறிவர். ஏழு சீரான் அமைந்த குறட்பாக்களுக்குப் பதின்மர் உரை கண்ட மரபு நம்முடையது. மூலம் ஒன்றாக உரைகள் பலவாக விரிதலும், ஒருவர் கொண்ட பாடத்தை மற்றொருவர் மறுத்தலும், உரையாசிரியர் காலத்துத் தேவை உரையினுட் புகுந்து மூலத்தின் கருத்தே போல நிற்றலும் நாம் பலகாலும் காண்பன. இத்தகைய உரைமரபு ஒன்று கிறித்தவ மறைநூலின் ஐந்தே வசனங்களைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. லூக்கா நற்செய்தி 10-ஆம் இயலின் 38 முதல் 42 வரையுள்ள வசனங்களே அவை. கத்தோலிக்கத் திருச்சபையில் தியான வாழ்வு சிறந்ததா, தொண்டு வாழ்வு சிறந்ததா, இரண்டினையும் ஒருவரே மேற்கொள்ளல் இயலுமா என்னும் வினாக்கள் எழுந்தபோதெல்லாம் சான்றோர் இவ்வசனங்களையே மேற்கோளாகக் கொண்டனர்.

அவ்வுரைகளுள் சிலவற்றை மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அவிலா நகர்த் தெரேசா அம்மையார் கண்ட பொருள், முன்னோர் பலர் கண்ட பொருளினும் மூலத்திற்கு அணுக்கமானது என்பதும், ஆயினும் அதற்கு அவர் காட்டிய காரணம் பொருந்தாது என்பதும் ஈண்டு நிறுவப்படும். பொருள் சரியாக இருக்கக் காரணம் பிழையாக இருத்தல் உரை ஆராய்வார் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கதொரு நிலையாகும்.

கதை எளியது. இயேசு ஓர் ஊருக்குள் செல்கிறார். மார்த்தா என்னும் பெண் அவரைத் தன் இல்லத்தில் ஏற்கிறாள். அவள் தங்கை மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பணி மிகுதியால் அலைக்கழிந்த மார்த்தா, தங்கை தன்னைத் தனியே உழைக்க விட்டுவிட்டாள் என முறையிட்டு, தனக்கு உதவுமாறு அவளிடம் கூற வேண்டுகிறாள். இயேசுவோ மார்த்தாவை இருமுறை பெயர் சொல்லி அழைத்து, அவள் பலவற்றைக் குறித்துக் கவன்று கலங்குவதைச் சுட்டுகிறார். தேவையானது ஒன்றே என்றும், மரியா தேர்ந்துகொண்ட நல்ல பங்கு அவளிடமிருந்து எடுக்கப்படாது என்றும் கூறுகிறார். கதை அவ்வளவில் முடிகிறது. மார்த்தா என்ன விடை கூறினாள், விருந்து நடந்ததா, மரியா எழுந்து சென்று உதவினாளா என்பவற்றை லூக்கா கூறவில்லை. கூறாது விடுத்த இவ்விடமே உரைகள் முளைத்த நிலமாகும்.

மூலமும் பாடவேறுபாடும்

உரைகளை மதிப்பிடுமுன் மூலத்தின் சொற்களை நோக்குதல் வேண்டும். முதலாவது, மரியாவின் பங்கைக் குறிக்கும் அடைச்சொல். கிரேக்க மூலத்தில் அது ‘நல்ல’ என்னும் பொருளது. வுல்காத்தா எனப்படும் இலத்தீன் பெயர்ப்பில் அஃது ‘மிகச் சிறந்த’ என்னும் பொருள்தரும் சொல்லாயிற்று. அக்காலக் கிரேக்க வழக்கில் இயல்பான அடைச்சொல்லே ஒப்பீட்டுப் பொருளையும் தருதல் உண்டு. ஆதலின் இலத்தீன் பெயர்ப்பு முற்றும் பிழையெனக் கூறல் ஆகாது. ஆயினும் ‘நல்லது’ என்னுமிடத்து மற்றதும் நல்லதாதற்கு இடனுண்டு. ‘மிகச் சிறந்தது’ என்னுமிடத்து வரிசை முறை ஒன்று தானே அமைந்துவிடுகிறது. மேலைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் இலத்தீன் பாடத்தையே ஓதியமையால், அவ்வரிசை மூலத்திலேயே உள்ளதாகக் கருதப்பட்டது.

இரண்டாவது, தேவையானது எது என்பது பற்றிய பாடவேறுபாடு. 45, 75 என எண்ணிடப்பெற்ற தொன்மையான பாப்பிரசு ஏடுகள் தேவை ஒன்றே எனப் பாடங்கொள்கின்றன. 4-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சீனாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் தேவை சிலவே, அன்றேல் ஒன்றே என்னும் பொருள்பட நீண்ட பாடம் கொள்கின்றன. நீண்ட பாடத்தை ஏற்பின், விருந்துக்குப் பல கறி வேண்டா, சில போதும், ஒன்றேயாயினும் போதும் என எளிய பொருள் கொள்ளவும் இடமாகிறது. ஒன்றே என்னும் பாடத்தை ஏற்பின் அவ்வொன்று யாது என்னும் வினா எழுகிறது. இறைவனைத் தியானித்தலே அவ்வொன்று எனப் பின்னையோர் விடை கண்டனர். ஒரு சொல் கூடுதலும் குறைதலும் பொருளை இவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது, மார்த்தாவின் பணியைக் குறிக்கும் ‘தியாகொனியா’ என்னும் சொல். லூக்காவே இயற்றிய திருத்தூதர் பணிகள் என்னும் நூலின் 6-ஆம் இயலில் இச்சொல் உணவு பகிர்தலாகிய தொண்டிற்கும் வருகிறது. இறைவார்த்தையைப் போதித்தலாகிய தொண்டிற்கும் வருகிறது. லூக்கா நற்செய்தி 22-ஆம் இயலில், பந்தியில் அமர்பவனாக அன்றிப் பணிவிடை புரிபவனாகவே சீடர் நடுவில் தாம் இருப்பதாக இயேசு கூறுமிடத்தும் இதன் வினைவடிவமே பயில்கிறது. இயேசு தமக்கே உரித்தாக்கிக்கொண்ட சொல்லால் குறிக்கப்பட்ட ஒன்றை இழிந்ததெனக் கோடல் எங்ஙனம் பொருந்தும்? மார்த்தாவிடம் அவர் கடிந்தவை கவலையும் கலக்கமுமே. கவலைப்படுதலைக் குறிக்கும் அதே வினைச்சொல்லை 12-ஆம் இயலில் உணவும் உடையும் குறித்துச் சீடர் அனைவர்க்கும் கூறும் அறிவுரையிலும் லூக்கா ஆள்கிறார். எனவே கடியப்பட்டது பணி அன்று, பணியினுட் புகுந்த பதைப்பே என்க.

நான்காவது, மரியாவின் செயல். அவள் செபித்தாள் என்றோ தியானித்தாள் என்றோ லூக்கா கூறவில்லை. காலடியில் அமர்ந்து கேட்டாள் என்றே கூறுகிறார். காலடியில் அமர்தல் மாணாக்கர்க்குரிய நிலை. பவுல் கமாலியேலின் காலடியில் பயின்றதாகத் திருத்தூதர் பணிகள் 22-ஆம் இயலில் வருதல் இதற்குச் சான்று. எனவே இக்கதையில் மரியா பெறும் சிறப்பு, ஒரு பெண் மாணாக்கராக அமரும் உரிமை பெற்றதும், அவ்வுரிமை அவளிடமிருந்து எடுக்கப்படாது என உறுதி பெற்றதுமாகும். கேட்டலைத் தியானமாகக் கொண்டது உரையாசிரியர் செயலேயன்றி மூலத்தின் கூற்றன்று.

ஐந்தாவது, கதை நிற்கும் இடம். நன்னூலார் சூத்திர நிலையுள் ஒன்றாக அரிமா நோக்கினைக் கூறுவர். அரிமா முன்னும் பின்னும் நோக்குதல் போல இக்கதையையும் முன்னும் பின்னும் நோக்குதல் தகும். இதற்கு முன் நிற்பது, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமை. அதன் முடிவில், அவ்வாறே செய்யுமாறு கேட்டவன் ஏவப்படுகிறான். இதற்குப் பின் நிற்பது, சீடர்க்கு இயேசு செபிக்கக் கற்பித்த பகுதி. செய்தலுக்கும் செபித்தலுக்கும் நடுவில் கேட்டல் வைக்கப்பட்டுள்ளது. கதையைத் தனியே பெயர்த்தெடுத்தால் மரியா மார்த்தாவை வென்றவளாகத் தோன்றுவாள்; இருந்த இடத்தில் வைத்து நோக்கினால் அவ்வெற்றி தோன்றாது.

உரையாசிரியர்கள்

கதை இவ்வாறு தனியே பெயர்த்தெடுக்கப்பட்டது என்பதற்கு வழிபாட்டு மரபே சான்று. உரோமை வழிபாட்டில், ஆகஸ்டு 15-ஆம் நாள் கொண்டாடப்பெறும் மரியன்னையின் விண்ணேற்புத் திருவிழாவில் நெடுங்காலம் இவ்வைந்து வசனங்களே வாசிக்கப்பட்டன. 1950-இல் விண்ணேற்புக் கொள்கை அறுதியிடப்பட்ட பின்னரே அவ்வாசகம் மாற்றப்பட்டது. ஆண்டுதோறும் பெருவிழாவில் இவ்வசனங்களைக் கொண்டு மறையுரை ஆற்ற வேண்டியிருந்தமையால், இடைக்காலத்தில் இதன்மேல் எழுந்த உரைகள் மிகப் பல.

நமக்குக் கிடைக்கும் உரைகளுள் முற்பட்டவற்றில் 3-ஆம் நூற்றாண்டின் ஒரிகன் கூறியது குறிக்கத்தக்கது. மார்த்தாவைச் செயலுக்கும் மரியாவைக் காட்சிக்கும் உருவாகக் கொண்ட அவர், ஒன்றின்றி மற்றொன்று நில்லாது என்றும் கருதினார். புனித அகுஸ்தீனார் (354–430) இப்பொருளைக் காலத்தின்மேல் ஏற்றினார். மார்த்தா இம்மை வாழ்வையும் மரியா மறுமை வாழ்வையும் குறிப்பர் என்பது அவர் கருத்து. பசித்தார்க்கு உணவளித்தல் நன்றே. ஆயின் பசியே இல்லாத மறுமையில் அத்தொண்டிற்கு இடமில்லை. ஆதலின் அது கழியும், மரியாவின் பங்கோ கழியாது. இவ்வுரை மார்த்தாவை இகழவில்லை. எனினும் அவளை இறுதிவரை உடன்வாராதவள் ஆக்கிவிட்டது. அதே அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் 19-ஆம் பகுதியில், அயலார் நலத்தை மறக்குமளவு ஓய்விலும், இறைவனை நாடாத அளவு தொழிலிலும் எவரும் ஆழ்தல் கூடாது என்கிறார். உரையில் பிரித்தவற்றை அறிவுரையில் இணைத்தார் எனலாம்.

பெரிய கிரகோரியார் துறவு மடத்தின் அமைதியை விரும்பியவர். 590-இல் திருத்தந்தையாகித் திருச்சபைப் பொறுப்பினை ஏற்க நேர்ந்தவர். அவர் உரையில் அவர்தம் வாழ்வின் ஏக்கம் ஒலிக்கிறது. யாக்கோபு ராகேலை விரும்பியும் முதலில் லேயாவை மணக்க நேர்ந்த பழைய ஏற்பாட்டுக் கதையை எடுத்துக்கொண்டு, லேயாவைத் தொண்டு வாழ்விற்கும் ராகேலைக் காட்சி வாழ்விற்கும் உருவகமாக்கினார். யாக்கோபு ராகேலை அடைந்த பின்னரும் லேயாவிடம் மீண்டது போலக் காட்சி பெற்ற உள்ளமும் தொண்டிற்கு மீளுதல் நன்று என்பது அவர் கொண்ட பொருள். ஏறுவதற்கு மட்டுமன்றி இறங்குவதற்கும் உரைமரபில் வழி பிறந்தது இவராலேயாகும்.

12-ஆம் நூற்றாண்டின் புனித பெர்நார்து, மார்த்தா, மரியா, அவர்தம் உடன்பிறந்தானாகிய லாசர் ஆகிய மூவரையும் ஒரே இல்லத்தாராகக் கொண்டு, மடத்தின் நிருவாகம், தியானம், தவம் என்னும் மூன்றையும் அவர்கட்கு உரியவாக்கினார். இல்லம் ஒன்று என்னும் எண்ணம் சிறந்ததே. ஆயின் அவர் சார்ந்த சிஸ்டெர்சிய மடங்களில் வழிபாட்டுப் பாடல் ஓதும் துறவியர் ஒரு பிரிவாகவும், வயலிலும் பட்டறையிலும் உழைக்கும் துறவுச் சகோதரர் மற்றொரு பிரிவாகவும் வாழ்ந்தனர். ஒருவர் உள்ளத்தில் நிகழ வேண்டிய இணைப்பு இருவகை மாந்தரிடையே பங்கீடாக அமையின், மரியாவின் பங்கு சிலர்க்கும் மார்த்தாவின் சுமை பிறர்க்கும் ஆகிவிடும். உரையின் பிழை வாழ்வின் பிழையாகும் இடம் இதுவே.

13-ஆம் நூற்றாண்டின் தோமா அக்குவினார் தம் பெருநூலில் தியான வாழ்வே சிறந்தது என நாட்டுதற்கு இவ்வசனத்தையே சான்று காட்டினார். ஆயினும் சபைகளின் வகையை ஆராயுமிடத்து, ஒளிர்தலினும் ஒளி தருதல் பெரிதாதல் போலத் தாம் தியானித்ததைப் பிறர்க்கு வழங்குதல் தியானித்தலினும் பெரிது என்றார். அவருடைய தொமினிக்கன் சபையைச் சார்ந்த எக்கார்ட்டு (ஏறத்தாழ 1260–1328) ஒருபடி மேற்சென்று வரிசையையே தலைகீழாக்கினார். மார்த்தாவே முதிர்ந்தவள், மரியா இன்னும் கற்கும் நிலையினள், தங்கை இன்பத்தில் திளைத்து அங்கேயே நின்றுவிடுவாளோ என்னும் அன்பினாலேயே மார்த்தா முறையிட்டாள் என்பது அவர் உரை. நயம் மிக்க உரை இது; ஆயின் வலிந்து பொருள் கோடலாகும். மார்த்தா கவன்று கலங்குகிறாள் என மூலம் வெளிப்படையாகக் கூறுகிறது. அக்கலக்கத்தை முதிர்ச்சியாகக் கொள்ளுதற்கு மூலத்தில் இடமில்லை. முன்னோர் மார்த்தாவுக்கு இழைத்த குறையை எக்கார்ட்டு மரியாவுக்கு இழைத்தார்.

தெரேசா அம்மையார் கண்ட பொருள்

தெரேசா அம்மையார் (1515–1582) கார்மேல் சபைத் துறவி. 1562-இல் அவிலாவில் புனித சூசையப்பர் பெயரால் சீர்திருத்த மடம் ஒன்றை நிறுவியது தொடங்கி, இறக்குமுன் அத்தகைய பெண்துறவியர் மடங்கள் பதினேழு தோன்றக் காரணமாயிருந்தார். உலகை விட்டு அடைப்பினுள் வாழும் தியான மடங்களை நிறுவுதற்காக அவரே வண்டியேறி ஊர் ஊராகச் சென்றதும், வீடு விலை பேசியதும், கடனுக்கு வழி தேடியதும் அவர் எழுதிய ‘மட நிறுவல்’ வரலாற்றில் விரிவாக உள்ளன. அடுக்களையில் பாத்திரங்களுக்கு நடுவிலும் இறைவன் உடனிருக்கிறான் என்னும் பொருள்பட அவர் கூறுவதும் அந்நூலிலேயேயாம்.

அவருடைய தலைசிறந்த நூலாகிய ‘உள்ளக் கோட்டை’ 1577 ஜூன் 2-இல் தொலேதோ நகரில் தொடங்கி நவம்பர் 29-இல் அவிலாவில் முடிக்கப்பெற்றது. அது நிறைவுற்ற மூன்றாம் நாள், சீர்திருத்தத்தில் அவர்க்குத் துணைநின்ற சிலுவை அருளப்பரை எதிர்ப்பாளர் சிறைப்பிடித்துச் சென்றனர். அத்தகைய கொந்தளிப்பிடையே எழுந்தது அந்நூல் என்பதை மறத்தலாகாது.

நூல் ஆன்மாவை ஏழு மாளிகைகளைக் கொண்ட கோட்டையாக உருவகிக்கிறது. வெளி மாளிகையிலிருந்து உள் மாளிகை நோக்கிச் செபத்தின் வழியே ஆன்மா செல்கிறது. ஐந்தாம் மாளிகையிலேயே ஆசிரியர் ஓர் எச்சரிக்கை விடுக்கிறார். செபத்தின் இனிமை கலைந்துவிடுமோ என அஞ்சி அசையாதிருப்பாரைக் கண்டு அவர் வருந்துகிறார். நோயுற்ற சகோதரி ஒருத்திக்கு உதவ முடியுமாயின் அவ்வினிமையை இழப்பது பற்றிக் கவலாது எழுந்து செல்லல் வேண்டும் என்கிறார். இறைவனை நேசிக்கிறோமா என்பதை உறுதியாக அறிதல் அரிது. அயலாரை நேசிக்கிறோமா என்பதோ அறியக்கூடியது. ஆதலின் பின்னது முன்னதற்கு அளவுகோலாகும் என்பது அவர் கொள்கை.

ஏழாம் மாளிகையின் இறுதி இயலில் இக்கொள்கை முழுமை பெறுகிறது. இறைவனோடு ஒன்றுபட்ட ஆன்மா ஓய்வில் மூழ்கிக் கிடக்கும் எனப் படிப்பவர் எதிர்நோக்கும் இடம் அது. ஆசிரியரோ, அந்த ஒன்றிப்பின் பயன் நற்செயல்கள் இடையறாது பிறத்தலே என்கிறார். அங்கேதான் மார்த்தாவும் மரியாவும் வருகின்றனர். ஆண்டவர்க்கு விருந்தளிக்க வேண்டுமாயின் இருவரும் சேர்ந்தே ஆகவேண்டும். எப்போதும் காலடியில் அமர்ந்திருக்கும் மரியா, தமக்கை துணைசெய்யாவிடில் அவர்க்கு எவ்வாறு உணவளிப்பாள் என வினவுகிறார். கதையில் முறையிட்டவள் மார்த்தா; இங்கோ மார்த்தாவின் துணையை வேண்டிநிற்பவள் மரியா ஆகிவிடுகிறாள்.

இவ்வுரையின் தனிச்சிறப்பு யாது? முன்னோர் பலர் இரு வாழ்வுகளைத் துலாக்கோலில் வைத்து எது கனமானது என நிறுத்தனர். அல்லது ஒரு நாளின் நாழிகைகளை இரண்டிற்கும் பங்கிட்டனர். தெரேசா அம்மையார் துலாக்கோலையே விலக்கிவிடுகிறார். அவர்க்குத் தியானம் ஒரு பங்கும் தொண்டு மற்றொரு பங்கும் அல்ல. தியானம் தாயாகத் தொண்டு அதன் மகவாகும். தாயையும் மகவையும் எடைபோட்டு எது வேண்டுமென வினவுவார் இலர். மூலத்திலும் கடியப்பட்டது தொண்டன்று, வேரற்ற தொண்டின் கலக்கமே என மேலே கண்டோம். கிரேக்கம் அறியாத அம்மையார் தம் பட்டறிவால் கண்ட பொருள், கிரேக்கச் சொல்லாய்வு காட்டும் பொருளோடு ஒத்துநிற்றல் வியப்பிற்குரியது.

தமிழ் கற்றார்க்கு இவ்வினா புதிதன்று. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலிலும், தவமும் மெய்யுணர்தலும் துறவறவியலிலும் வைக்கப்பெற்றன. பிறரையும் நல்வழியில் ஒழுகச்செய்து தானும் அறம் வழுவாத இல்வாழ்க்கை, நோற்பாரின் நோன்பினும் வலிமை உடைத்து என வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்திற் கூறுவர். ஆயினும் இரண்டினையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறாகும். வள்ளுவர் கூறுவன இருவேறு நிலையினரின் அறங்கள். அம்மையார் கூறுவதோ துறவியாகிய ஒருத்தியினுள்ளேயே இருவரும் கூடி வாழ்தல். ஒப்புமை காணுமிடத்து வேற்றுமையையும் காணுதல் ஒப்பியலார் கடமை.

காரணத்தின் பிழை

தம் உரைக்கு எழக்கூடிய தடையை அம்மையாரே எழுப்பிக்கொள்கிறார். மரியா சிறந்த பங்கைத் தேர்ந்ததாக ஆண்டவரே கூறினாரன்றோ என்பது தடை. மரியா மார்த்தாவின் பணியை முன்னரே செய்துவிட்டாள். ஆண்டவரின் காலடிகளைக் கழுவித் தன் கூந்தலால் துடைத்தாள். ஊரார் பழியையும் தாங்கினாள் என்பது அவர் தரும் விடை.

இவ்விடை, லூக்கா 7-ஆம் இயலில் பரிசேயன் வீட்டில் இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த பெயர் கூறப்படாத பெண்ணையும், மகதலா மரியாவையும், மார்த்தாவின் தங்கை மரியாவையும் ஒருவராகக் கொண்டமையால் எழுந்தது. அவ்வாறு கொள்ளுதல் பெரிய கிரகோரியார் 591-இல் ஆற்றிய மறையுரைக்குப்பின் மேலைத் திருச்சபையில் நிலைபெற்ற வழக்கு. கீழைத் திருச்சபைகள் அதனை ஏற்கவில்லை. 1969-இல் உரோமைத் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பெற்றபோது அவ்வழக்கு கைவிடப்பட்டது. எனவே அம்மையார் நிறுத்திய தூண் சாய்ந்துவிட்டது.

தூண் சாய்ந்தமையால் மாடமும் வீழுமோ? வீழாது என்பதே எம் கருத்து. அவர் தேடிய சான்று யோவான் நற்செய்தி 12-ஆம் இயலில் உள்ளது. பெத்தானியாவில் நிகழ்ந்த விருந்தில் மார்த்தா பணிவிடை செய்கிறாள். லாசர் பந்தியில் இருக்கிறான். மரியா நறுமணத் தைலத்தால் இயேசுவின் காலடிகளைப் பூசிக் கூந்தலால் துடைக்கிறாள். மார்த்தாவின் பணியைக் குறிக்க யோவான் ஆள்வதும் லூக்கா ஆண்ட சொல்லின் வினைவடிவமே. ஆயின் இவ்விருந்தில் அவளிடம் முறையீடு இல்லை, கலக்கமும் இல்லை. மரியாவும் கேட்டவளாக மட்டும் நில்லாது செயலில் இறங்கிவிட்டாள். குறைகூறியவன் யூதாசு ஒருவனே. இது லூக்கா கூறிய நிகழ்ச்சிக்கு விடையாக எழுதப்பட்டது என யாம் கூறவில்லை. இரு நற்செய்தியாளர் நோக்கும் வேறு. ஆயினும் இருவரும் ஓரில்லத்தில் பூசலின்றிப் பணிபுரிதல் மறைநூலுக்குப் புறம்பான கற்பனையன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

முடிவுரை

1969-இல் அமைந்த வாசக வரிசையில், மூன்றாண்டுச் சுழற்சியின் மூன்றாம் ஆண்டில், நல்ல சமாரியன் உவமையும், மார்த்தா மரியா கதையும், செபம் கற்பித்த பகுதியும் ஆண்டின் பொதுக்காலம் 15, 16, 17-ஆம் ஞாயிறுகளில் அடுத்தடுத்து வருகின்றன. பெயர்த்தெடுக்கப்பட்ட கதை மீண்டும் தன் இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. தெரேசா அம்மையார் 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பெற்றார். ஜூலை 29, முன்னர் மார்த்தாவுக்கு மட்டும் உரிய நாளாயிருந்தது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிசு அதனை மார்த்தா, மரியா, லாசர் ஆகிய மூவர்க்கும் உரியதாக்கினார். உரைகள் நெடுங்காலம் பிரித்துவைத்த உடன்பிறந்தார் நாட்காட்டியிற் கூடினர்.

உரை வெறும் ஏட்டுப்பொருளன்று என்பதை இவ்வாராய்ச்சி காட்டுகிறது. ஓர் அடைச்சொல் மிகைப்படப் பெயர்க்கப்பட்டமையும், ஒரு கதை முன்பின் நீக்கி ஓதப்பட்டமையும், அடுக்களையிலும் வயலிலும் உழைத்தார் பலரைத் தாம் தாழ்ந்த பங்கினர் எனக் கருதச் செய்தன. கூடத்தில் அறவுரை நிகழ, அதனைக் கேட்க இயலாது அடுப்படியில் நிற்பாரை நாமும் அறிவோம். அவர்க்கு எக்கார்ட்டு கூறுவது ஆறுதல். தெரேசா அம்மையார் கூறுவது அழைப்பு. பணியை விட்டு வருமாறு அன்று, பணியின் நடுவிலும் கேட்குமாறு அவ்வழைப்பு அமைகிறது. காலடியில் அமர்ந்திருப்பாரையோ எழுந்து வந்து கைகொடுக்குமாறு அது பணிக்கிறது. மூலம் கூறாது விடுத்த முடிவு இதுவாகவே இருத்தல் கூடும் எனக் கோடல், ஐந்து வசனங்களின் சொல்லுக்கும் அவை நிற்கும் இடத்திற்கும் பொருந்துவதேயாம்.